ஏகாம்பரத்தின் ஸ்பீக்கருக்கு ஒரு ரேடியோ

உத்திரமேரூரில் ரேடியோ ரிப்பேரும் மைக் செட்டும் சேர்த்து இருபது வருஷத்துக்கு மேல் கடை நடத்தினேன். அத்தனை வருஷத்தில் மைக்கைப் பிடித்து நான் பேசியது ஒரே ஒரு தடவை. மற்ற செட்டுக்காரர்கள் “மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” என்று சொல்லிப் பார்ப்பார்கள். நான் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவேன். அவ்வளவு கூச்சம். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றவன். வாயைத் திறந்தால் தப்பாக ஏதாவது வந்துவிடுமோ என்ற பயமும் உண்டு.

கடையை விட்டுவிட்ட பிறகும், தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் நீங்கள் என்னைத் தேடி வருகிறீர்கள். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “அண்ணே, எத்தனை வாட்ஸ் போடலாம்?” என்பதுதான். எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல எனக்கு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். நான் மைக்கில் பேசிய அந்த ஒரு தடவையைச் சொன்னாலே உங்கள் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

எழுபதுகளின் கடைசி. நடவுக் காலம். மானாம்பதியிலிருந்து ஏகாம்பரம் என்பவர் கடைக்கு வந்தார். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் முப்பது வருஷம் ஆயில் எஞ்சின் ஓட்டியவர். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது போய்விட்டது. கூடவே அவர் மகள் தனம். பால்வாடியில் டீச்சராக இருந்தாள். அவளும் என்னைப் போலத்தான், தரையைப் பார்த்தே பேசுவாள்.

“எம் பொண்ணு ரேடியோவுல பாடிக்கீதுப்பா!” என்றார் ஏகாம்பரம், கடை அதிர. “நடவுப் பாட்டு. மெட்ராசுக்குக் கூப்ட்டு பாட வெச்சி டேப்புல புடிச்சிக்கினாங்க. வர்ற வியாழக்கெழம சாய்ந்தரம் ஆறே முக்காலுக்குப் போடறாங்க. பத்து நிமிசம்.”

“மெதுவா நைனா. தெரு பூரா கேக்குது” என்றாள் தனம்.

அவர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “கேக்கட்டுமே. ஊருக்கெல்லாம் கேக்குது. எனக்குத்தான் கேக்கல.”

வீட்டில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருக்கிறது, காதில் ஒட்டி வைத்தாலும் இரைச்சல்தான் வருகிறது என்றார். மில்லில் முதலாளி ரூமில் இருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், மில் கைமாறும்போது அவருக்கு வந்தவை, வீட்டில் கிடக்கின்றனவாம். “அதுல எனக்குக் கேக்கற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு. ரொம்ப செலவு தாங்காது. நான் ரிட்டேராயி ஊட்ல குந்திக்கினு கீற ஆளு.”

நான் ஒரு மடத்தனமான கேள்வி கேட்டேன். தனத்திடம், “வூட்லயே நீ அவர் காதாண்ட பாடினா கேக்காதாம்மா?” என்றேன்.

ஏகாம்பரம் என் உதட்டையும் படித்துவிட்டார்.

“பாடச் சொல்லிக் கேட்டேன்பா. காதாண்ட வந்து கத்துது, பாவம். கத்தறது கேக்குது. பாட்டு கேக்கல.” குரல் முதல் தடவையாகத் தணிந்தது. “இது பேச ஆரம்பிச்சப்பவே என் காது பாதி பூட்ச்சு. நல்லா பாடுதுன்னு ஊரே சொல்லுது. நான் தலய ஆட்டிக்கினு கீறேன். எனக்கு இன்னா தெரியும்? ஒரு தபா கேட்டுடணும்பா.”

சரி என்றேன். மைக் செட்டுக்காரனுக்கு இது பெரிய வேலையா என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மானாம்பதி போனேன். பெட்டிகளைப் பார்த்தேன். தேக்குப் பெட்டி, இடுப்பு உயரம். ஒன்றின் மேல் மிளகாய்ப் பானை, இன்னொன்றின் மேல் படுக்கைச் சுருட்டு. துணியை விலக்கிப் பார்த்தால் உள்ளே சோற்றுத் தட்டு அகலத்துக்குக் காகிதக் கோன். எந்தச் சீமையிலிருந்து எந்தத் துரையோடு கப்பலில் வந்ததோ, இருபது இருபத்தைந்து வருஷம் ஆகியும் காகிதம் விறைப்பாக இருந்தது. விரலால் லேசாகத் தொட்டால் ‘டம்’ என்று ஒரு சத்தம், பெட்டியின் அடியிலிருந்து வந்தது. அந்த மாதிரி ஸ்பீக்கரை நான் அதுவரை தொட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மரத்தில் கட்டும் ஹாரன்தான்.

அங்கேதான் என் தப்பு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து மைக் செட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செட்டைக் கட்டி முடித்ததும் ஒரு ஆளை ஏரிக்கரைக்கு அனுப்புவோம். அவர் அங்கே நின்றுகொண்டு, சத்தம் கேட்டால் துண்டை ஆட்டுவார். துண்டு ஆடினால் வேலை முடிந்தது. எவ்வளவு எட்டக் கேட்கிறதோ அவ்வளவு நல்ல செட்டு. திருவிழாவில் இந்த ஊர் செட்டு அந்த ஊருக்குக் கேட்டது என்று சொன்னால்தான் அடுத்த வருஷமும் நம்மைக் கூப்பிடுவார்கள். காது கேட்காதவருக்கு இன்னும் அதிகமாகச் சத்தம் வேண்டும், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டேன். திருவிழாவுக்குக் கொண்டுபோகும் என் பெரிய ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அதை அந்தப் பெட்டிகளில் கோத்து, வீட்டிலிருந்த டிரான்சிஸ்டரை அதில் கொடுத்தேன்.

தெருவில் போய்க்கொண்டிருந்த கன்னியப்பன் என்கிற விவசாயியை ஏரிக்கரையின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். மானாம்பதியில் பெரிய மோட்டார் வைத்திருந்தவர், வாய் நீளம். “இன்னா, ஊட்டுக்குள்ள திருவியாவா?” என்று சிரித்துக்கொண்டே போனார். சத்தத்தைக் கூட்டினேன். சுவரில் மாட்டியிருந்த முறம் அதிர்ந்தது. கரையில் துண்டு ஆடியது. நான் பெருமையோடு ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒடுங்கியிருந்தார். முகம் கோணிப்போயிருந்தது. “நிறுத்துய்யா! காதுல கம்பிய வுட்டுக் கொடையற மாரி கீது! நிறுத்து!”

நிறுத்துவதற்குள் இடது பெட்டியிலிருந்து பர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். கோனின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் காகிதம் கிழிந்திருந்தது.

தம்பிகளே, அந்தக் கிழிசலைப் பார்த்த மாதிரி நான் வேறு எதையும் பார்த்ததில்லை. கப்பலேறி வந்து, மில் தவிட்டுக்கும் மிளகாய்ப் பானைக்கும் தப்பித்துப் பிழைத்ததை, அரை நிமிஷத்தில் நான் கிழித்துவிட்டேன். ஏகாம்பரம் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு வந்து பார்த்தார். “கீறலுதானே? எஞ்சினுல கேஸ்கட்டு போனா ஒட்டறது இல்லயா? ஒட்டு” என்றார்.

சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளை வெட்டி, கோந்து தடவி, இரண்டு பக்கமும் ஒட்டினேன். காய்ந்ததும் தட்டிப் பார்த்தேன். ‘டம்’ திரும்பி வந்தது. ஆனால் எனக்கு அந்தப் பெட்டிகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்துவிட்டது. வியாழக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்.

கிழியாத ஸ்பீக்கரைக் கழற்றி, பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சென்னை போனேன். “இன்னாய்யா அது, சாமியா?” என்றார் கண்டக்டர். “ஆமாம்” என்றேன். லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டுவிட்டார். பொய் சொன்னது போலவும் இருந்தது, சொல்லாதது போலவும் இருந்தது.

ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் புதிதாக வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரைத்தான் காட்டினார்கள். பளபளவென்று முகப்பு, வரிசையாகக் குமிழ்கள். “பெரிய ஸ்பீக்கரா? நாப்பது வாட்ஸ் எடுத்துக்கோ, அப்பதான் தள்ளும்” என்றார்கள். என் கையில் இருந்த காசுக்கு அது கொஞ்சம் எட்டாதுதான். ஆனாலும் கடன் சொல்லி வாங்கிவிடலாமா என்று மனசு ஆடியது.

தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் டிரான்ஸ்பார்மர் காயில் சுற்றும் ஒரு அம்மா இருந்தார். என் வயசுதான் இருக்கும். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, அந்தக் கூச்சத்துக்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, மறு கையில் முடி மாதிரி கம்பியை ஓடவிட்டுக்கொண்டு, சுற்று எண்ணிக்கை தப்பாமல் பேசுவார். என் மைக் செட்டுக்கு இரண்டு தடவை அவரிடம் காயில் வாங்கியிருக்கிறேன். மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, “பிரி” என்றார்.

பிரித்தேன். சக்கரம் நின்றது. என்னை விட அதிக நேரம் அதைப் பார்த்தார்.

“எங்க புட்ச்ச இத?”

சொன்னேன். நாற்பது வாட்ஸ் வாங்கலாமா என்று கேட்டேன்.

அவர் டார்ச் லைட்டைத் திறந்து ஒரு பேட்டரிக் கட்டையை எடுத்தார். இரண்டு துண்டு ஒயரை வைத்து, கட்டையை ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தார். அந்தப் பெரிய கோன் மூச்சு விட்ட மாதிரி முன்னால் எழும்பி, பின்னால் போனது. ‘டொப்’ என்ற சத்தம் சந்து முனை வரைக்கும் போயிருக்கும்.

“பாத்தியா? ஒத்தக் கட்டைக்கே இந்தத் துள்ளு துள்ளுது. இதுக்குப் போயி நாப்பது வாட்ஸு? கொயந்தைக்கு அண்டாவுல பாலு ஊத்துவியா நீ?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிழித்ததைச் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். “கியிச்சியா?”

“கியிச்சிட்டேன்.”

“சரி. யாரு கேக்கறதுக்கு?”

காது கேட்காதவர், மில்லில் எஞ்சின் ஓட்டியவர் என்றேன். உடனே அவர் சிரித்தார். “எங்க ஊட்டுக்காரரும் அதே கேசுதான். அச்சாபீசுல மிசினு ஓட்டினவரு. மெதுவா பேசினா ‘இன்னா’ம்பாரு. கத்திப் பேசினா அடிக்க வருவாரு. அந்தக் காதுக்குச் சத்தம் வேணாம்யா. தெளிவு வேணும். கீய்க்குரலு நல்லா வரணும், கீச்சு இருக்கக் கூடாது. அதுக்கு இந்தப் பெட்டிதான் லாயக்கு. இதுக்கு மேல தங்கம் பூசின ஆம்ப்ளிபயர் வேணாம்.”

பிறகு எதிரே ஒரு பழைய ரேடியோ கடையைக் காட்டினார். அங்கே மூலையில், தன் ஸ்பீக்கர் செத்துப்போன ஒரு வால்வு ரேடியோ தூசியில் கிடந்தது. யாரும் சீந்தாத சரக்கு. அதன் முகப்பில், பச்சைக் கண் என்று நாங்கள் சொல்லும் விளக்கு உயிரோடு இருந்தது. ஸ்டேஷன் சரியாக விழுந்தால் அந்தக் கண் மூடிக்கொண்டு வரும், விலகினால் திறந்துகொள்ளும்.

“இத எடு. நாலு வாட்ஸு வந்தா அதிகம். இதுல கீற டிரான்ஸ்பார்மரு உன் ஸ்பீக்கருக்குப் பொருந்தாது. ரெண்டு பெட்டிக்கும் ஏத்தாப்பல நான் ஒண்ணு சுத்தித் தரேன். அப்புறம் ஒண்ணு...” என்று பச்சைக் கண்ணைச் சுட்டினார். “உங்காளுக்குக் காதுதானே கேக்காது? கண்ணு தெரியும் இல்ல? ஸ்டேசன அவரே வெச்சிக்குவாரு. யாரையும் கேக்க வேணாம்.”

ஸ்பீக்கருக்குப் பொருந்துவதைத் தேடித்தான் நான் போயிருந்தேன். மனுஷனுக்குப் பொருந்துவதை அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். அந்த ரேடியோவை வாங்கினேன். இரண்டு நாள் கழித்து டிரான்ஸ்பார்மரையும் வாங்கி வந்தேன். இந்த இடத்தில் ஒயரை எங்கே பற்றவைத்தேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை, விட்டுவிடுகிறேன்.

புதன்கிழமை மத்தியானம் மானாம்பதியில் எல்லாவற்றையும் கோத்து ரேடியோவைப் போட்டேன். வால்வு சூடாக அரை நிமிஷம். பிறகு யாரோ செய்தி வாசித்தார்கள். சத்தம் அதிகமில்லை, தெருவுக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் அந்த ஆள் வீட்டுக்குள் நம்மோடு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஏகாம்பரம் இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து பச்சைக் கண்ணையே பார்த்துக்கொண்டு குமிழைத் திருகினார். ஒரு இடத்தில் நிறுத்தி, “மழ வருமாம்” என்றார். செய்தியில் அதைத்தான் அப்போது சொன்னார்கள். தனம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதுதான் என் இரண்டாவது தப்பு.

வியாழக்கிழமை சாயங்காலம். மானாம்பதியைத் தாண்டி ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு மைக் செட் கட்ட வேண்டியிருந்தது. பேட்டரி, சின்ன ஆம்ப்ளிபயர், ஹாரன், மைக் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வழியில் பாட்டைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஆறேகாலுக்கு ஏகாம்பரம் வீட்டில் இறங்கினேன். வீடு ஏரிக்கரையை ஒட்டி, ஊருக்குக் கடைசி. வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். ஏகாம்பரம் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். தனம் கதவுக்குப் பின்னால்.

ரேடியோவைப் போட்டேன். சத்தம் வரவில்லை. வால்வு மங்கலாகச் சிவந்தது. பச்சைக் கண் செத்த மீன் கண் போல இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். பல்பு செம்பட்டையாக எரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. வயல் பக்கமிருந்து ‘ஊம்’ என்று மோட்டார்களின் சத்தம். நடவுக் காலம். சாயங்காலம்தான் மோட்டாருக்கு முறை வைத்துச் சில மணி நேரம் கரண்ட் விடுவார்கள். பத்துப் பன்னிரண்டு மோட்டார் ஒரே நேரத்தில் இழுத்தால், வீட்டு லைனில் வோல்ட்டேஜ் எங்கே இருக்கும்? நான் மத்தியானம் சோதித்துவிட்டு வந்திருக்கிறேன். பாட்டு சாயங்காலம். மெட்ராஸில் அந்த அம்மா கேட்காத ஒரே கேள்வி, எந்த நேரத்துக்கு என்பதுதான். அதை நான் அல்லவா நினைத்திருக்க வேண்டும்?

ரேடியோவுக்குப் பின்னால் வோல்ட்டேஜ் மாற்றும் பின் இருக்கும். அதை ஆகக் குறைந்த இடத்துக்கு மாற்றிச் செருகினேன். முக்கல் முனகலாக ஏதோ வந்தது, அவ்வளவுதான். மணி ஆறு இருபத்தைந்து.

“சைக்கிள்ல மைக் செட்டு கீதே, பேட்டரில ஓடுமே. அத்தப் போட்டுட்டா ஊருக்கே கேக்குமே!” என்றார் ஒருவர். எல்லாரும் அதையே சொன்னார்கள். சுலபமான வழிதான். ஹாரனைக் கட்டி டிரான்சிஸ்டரைக் கொடுத்தால் மூன்று நிமிஷ வேலை. ஊரே கைதட்டும். நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். ஹாரனைப் பார்த்ததுமே அவர் கை காதுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அவருக்கே தெரியாமல் போனது அது. ஆனாலும், “அதுலயே போடுப்பா, பரவால்ல. எல்லாரும் கேக்கட்டும்” என்றார்.

“வேணாம்” என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு உரக்க ஒரு வார்த்தை அதற்கு முன்னால் வந்ததில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரை மேல் ஏறினேன். ஹாரனை ஒரு பனைமரத்தில் வயல் பக்கம் பார்த்துக் கட்டினேன். பேட்டரியைக் கொடுத்தேன். மைக்கை எடுத்து, வழக்கம் போல நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினேன். வயலெல்லாம் ‘டக் டக்’ என்றது. நாற்றங்காலில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அதற்கு மேல் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

“நான்... உத்தரமேரூரு ரேடியோக்காரன்” என்றேன். என் குரல் ஏரியில் போய் மோதித் திரும்பி வந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. “ஏகாம்பரம் அண்ணன் பொண்ணு பாட்டு, இப்ப ஆறே முக்காலுக்கு ரேடியோவுல வருது. அவரு இதுவரைக்கும் அந்தப் பொண்ணு பாட்டக் கேட்டதில்ல. மோட்டாரு ஓடினா ரேடியோவுக்குக் கரண்டு பத்தல. பத்து நிமிசம்... பத்தே நிமிசம் நிறுத்தினா அவருக்குக் கேக்கும்.”

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கிழக்கே ஒரு மோட்டார் நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. ஒவ்வொன்றாக, விளக்கை ஊதி அணைப்பது போல, சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. எல்லாவற்றிலும் பெரியது. கன்னியப்பனுடையது. வரப்பில் நின்றுகொண்டு அவர் கத்தினார்.

“யோவ் ரேடியோக்காரரே! எனக்கு இன்னும் முக்கா மணிதான்யா கரண்டு! பாட்டக் கேட்டுக்கினு நீ பூடுவ. எங் கயனிக்கு எவன் தண்ணி ஊத்துவான்?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு வாதம் செய்யத் தெரியாது. தோன்றியதைச் சொன்னேன்.

“அன்னைக்கு நீங்கதான்ணா துண்டு ஆட்டினீங்க, கேக்குதுன்னு. ஒங்களுக்குக் கேட்டுச்சு. அவருக்குக் கேக்கல.”

கன்னியப்பன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தன் வயலைப் பார்த்தார். பிறகு மோட்டார் கொட்டகைக்குள் போனார். அந்தக் கடைசிச் சத்தமும் அடங்கியது.

தம்பிகளே, நடவுக் காலத்துச் சாயங்காலத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. தவளைகூட யோசித்துவிட்டுத்தான் கத்தியது. ஒரு மனுஷன் கேட்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு பெரிய வெளி வாயை மூடிக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்தப் புல்லரிப்பிலேயே இன்னொன்றும் நினைவு வந்தது. ரேடியோவின் பின்னைக் குறைந்த வோல்ட்டேஜில் செருகி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மோட்டார் எல்லாம் நின்றதால் இப்போது வோல்ட்டேஜ் எகிறியிருக்கும். வால்வு பொசுங்கிவிடும். கரையிலிருந்து விழுந்தடித்து ஓடினேன்.

உள்ளே பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. ரேடியோ இருட்டாக இருந்தது. போச்சு என்று நினைத்தேன். ஏகாம்பரம் சுவிட்சின் மேல் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“மோட்டார நிறுத்திட்டாங்களா? பல்பு எகிறிக்கினே வந்துது. லோடு எறங்கினா எஞ்சினு பிச்சிக்கினு ஓடுமே, அந்த மாரி. அதான் நீ வர வரைக்கும் அணச்சி வெச்சேன்” என்றார்.

வெளியே நான் பேசியதில் ஒரு வார்த்தை அவருக்குக் கேட்டிருக்காது. பல்பைப் பார்த்தே எல்லாவற்றையும் படித்துவிட்டார். முப்பது வருஷம் எஞ்சினோடு வாழ்ந்தவர். என் ரேடியோவை அன்றைக்குக் காப்பாற்றியவர் அவர்தான்.

பின்னை மாற்றிச் செருகினேன். சுவிட்சைப் போட்டார். வால்வு சிவந்தது. மணி ஆறு நாற்பத்து நான்கு. பச்சைக் கண் பளிச்சென்று திறந்தது. ஏகாம்பரம் குமிழைத் திருக, அது மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. அறிவிப்பாளர் தனத்தின் பெயரையும் மானாம்பதியையும் சொன்னார்.

பாட்டு வந்தது.

சத்தமாக இல்லை. சேற்றில் நின்றுகொண்டு பக்கத்து ஆளுக்குப் பாடுகிற அளவுதான். ஆனால் கணீரென்று, மார்புக்குள்ளிருந்து வருகிற குரல். தரையைப் பார்த்துப் பேசுகிற அந்தப் பெண்ணுக்குள் இப்படி ஒரு குரலா என்று எனக்கே நம்ப முடியவில்லை. ஏகாம்பரம் இரண்டு உள்ளங்கையையும் இரண்டு பெட்டி மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் இருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்கிறதா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. எத்தனை நாள் தலையாட்டியிருக்கிறார், இதற்கும் தலையாட்டிவிட்டால்?

முதல் பாட்டு முடிந்தது. அவர் தலையாட்டவில்லை. கண்ணைத் திறந்து, கதவுப் பக்கம் திரும்பி, கோபமாகச் சொன்னார்:

“நாலாவது அடியில அப்டியே இழுத்துக்கினு போயி வுடணும். இன்னாத்துக்கு சட்டுனு வுட்டுட்ட?”

தனம் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“நேரமில்ல, சீக்கிரம் முடின்னு கைகாட்டினாங்க நைனா.”

“அவங்க கெடக்கறாங்க. பாட்டு உன்னுதா அவங்களுதா?” என்றார். அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. “உஷ்” என்று எல்லாரையும் அடக்கினார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கரை மேல் ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிஷம் ஆனது. அதற்கு மேலும் ஆனது. ஒரு மோட்டாரும் ஓடவில்லை. கீழே பார்த்தால், மங்கிய வெளிச்சத்தில் ஆட்கள் அவரவர் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கன்னியப்பனும்தான், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு. எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை.

பிறகு புரிந்தது. மைக் கையருகில்தான் இருந்தது. எடுக்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து, எழுந்து நின்று, ஆட்டினேன்.

ஒவ்வொன்றாக மோட்டார்கள் ஓடத் தொடங்கின.